அம்மாவின் மாத்திரையும் போதை என்ற சொல்லும்

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுத் தறி நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தறிக்குழியை மண் போட்டு மூடிவிட்டோம். தார் சுற்றும் ராட்டை மட்டும் மூலையில் கிடக்கிறது. அதற்கு மேலே ஆணியில் தொங்கும் மஞ்சள் பையில்தான் அம்மா தன் மாத்திரைகளை வைத்திருப்பார். சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் எதற்கோ அந்தப் பையைத் துழாவியபோது, பதினோரு நாள் மாத்திரை அப்படியே இருப்பதைப் பார்த்தேன்.

"ஏம்மா போடல?"

"வேணாம் வுடு. அது போதை மாத்திரையாம். பழகிடுச்சுன்னா வுடாதாம். இத்தினி வயசுக்கு மேல எனக்கு அந்தப் பேரு வேணுமா?"

அம்மா மனச்சோர்வுக்கு இரண்டு மாத்திரைகள் எடுத்து வந்தார். ஒன்று எஸ்சிடலோபிராம், இரண்டு ஆண்டுகளாக. இன்னொன்று புப்ரோபியான், நான்கு மாதங்களாக. உறவுக்காரப் பையன் ஒருவன் இரண்டாவது மாத்திரையின் பெயரைச் செல்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறான். சென்னையில் போலீஸ் பிடிக்கிற மெஃபெட்ரோனுக்கும் இதற்கும் வேதியியலில் ஒரே குடும்பம் என்று படித்திருக்கிறான். அதை அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

இதில் என்னைத் திகைக்க வைத்தது, அவன் சொன்ன வேதியியல் பொய்யில்லை என்பதுதான்.

பதினோரு நாளில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்திருந்தது. "தலைக்குள்ள சுளீர் சுளீர்னு கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குது" என்றார். காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். எதிர்வீட்டு அத்தைக்கு இதுவே சாட்சியாகிவிட்டது. "பாத்தியா, போதை இல்லன்னா நிறுத்துனதும் ஏன் இப்படி ஆவுது?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை, வரலாறு படித்தவள். எனக்குத் தெரிந்த வழியில் பதிலைத் தேடினேன். தேடியபோது, 'மருந்து', 'போதை' என்ற இரண்டு சொற்களும் பெண்கள்மீது எப்படி மாறிமாறி ஒட்டப்பட்டன என்பதற்கு நீண்ட கதை இருப்பது தெரிந்தது.

*

செவிலி என்றால் வளர்ப்புத் தாய். எங்கள் ஊருக்கு இந்தப் பெயர் எதனால் வந்திருந்தாலும், அதைக் கேட்கும்போது எனக்குச் சங்க அகப்பாடல்களின் செவிலித்தாய்தான் நினைவுக்கு வருவாள். தலைவி மெலிகிறாள், உண்ணாள், உறங்காள், கைவளை கழல்கிறது. தாயும் செவிலியும் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறார்கள். முருகனின் வேலை இது என்று வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறார்கள். அவளுக்கு என்ன என்பது அவளுக்கும் தோழிக்கும் தெரியும். அவளிடம்தான் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அழுதுகொண்டிருந்த அம்மாவை முதல் ஒரு வருடம் நாங்கள் மந்திரிக்கத்தான் அழைத்துப் போனோம். குளிக்காமல் படுத்தே கிடந்த நாட்களில் 'சோம்பல்' என்றோம். பிறகு மருத்துவரிடம் போனோம். அங்கே மாத்திரை கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. "இதைப் போடுங்க, சரியாகிடும்" என்றார்கள். என்ன மாத்திரை, உடம்பில் என்ன செய்யும், நிறுத்துவதானால் எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் செல்பேசியில் படித்த செய்தி வந்து உட்கார்ந்தது.

*

மனச்சோர்வு மருந்தையும் போதையூட்டும் கிளர்ச்சி மருந்தையும் இன்று நாம் எதிரெதிராக வைக்கிறோம். ஆனால் நவீன மருத்துவத்தில் மனச்சோர்வுக்கென்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட தொடக்கக்கால மாத்திரைகளில் ஒன்று ஆம்பெட்டமைன்.

1887இல் பெர்லினில் லசார் எடெலேயனு என்ற ருமேனிய வேதியியலாளர் அதை உருவாக்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதனால் யாருக்கும் பயனில்லாமல் கிடந்தது. 1929இல் லாஸ் ஏஞ்சலிஸில் கார்டன் ஆலெஸ் அதைத் தன் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தார். 1930களில் ஸ்மித், கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம் அதை 'பென்செட்ரின்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. முதலில் மூக்கடைப்புக்கு. பிறகு மாத்திரையாக, தூக்க நோய்க்கும் லேசான மனச்சோர்வுக்கும். 1950இல் அதே நிறுவனம் ஆம்பெட்டமைன் வகை மருந்தோடு தூக்க மருந்தொன்றையும் கலந்து 'டெக்சமில்' என்று வெளியிட்டது. ஒன்று தூக்கி நிறுத்தும், மற்றது பதற்றத்தை அடக்கும்.

யாருக்காக? அந்தக் காலத்து 'டெக்செட்ரின்' விளம்பரம் ஒன்று, சலிப்பூட்டும் வீட்டுவேலைச் சுமையால் களைத்துப்போன இல்லத்தரசிகளை மருத்துவர்களுக்குச் சுட்டிக்காட்டி, மாத்திரை அவர்களுக்கு உற்சாகம் தரும் என்றது. பெண் களைத்திருப்பது வேலையால்தான் என்று விளம்பரம் எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை, பெண்ணுக்கு மாத்திரை கொடுக்கச் சொன்னது. உடல் மெலியவும் இதே மாத்திரைதான் பெண்களுக்கு எழுதித் தரப்பட்டது.

இன்னொரு மருந்தின் பெயரிலேயே ஒரு பெண் இருக்கிறாள். 1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் மீத்தைல்ஃபெனிடேட் என்ற பொருளை உருவாக்கினார். அவர் மனைவி மார்கரீட்டாவுக்குக் குறைந்த ரத்த அழுத்தம். டென்னிஸ் ஆடப் போகுமுன் அவர் அதைப் போட்டுக்கொள்வாராம். அவருடைய செல்லப் பெயர் ரீட்டா. மருந்து 'ரிட்டாலின்' ஆனது. 1950களின் நடுவில் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் என்று சந்தைக்கு வந்த அந்த மருந்து, இன்று பெரும்பாலும் கவனக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்குத் தரப்படுகிறது.

ஆம்பெட்டமைனை விட முடியாமல் தவிப்பவர்கள் பெருகிய பிறகுதான் உலகம் விழித்தது. 1971இல் ஐக்கிய நாடுகள் அவையின் உளப்பாதிப்புப் பொருட்கள் உடன்படிக்கை அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளப்பாதிப்புப் பொருட்கள் சட்டம் அதையே செய்தது. இருபது, முப்பது ஆண்டுகளாக மருத்துவரிடமிருந்து மருந்தாக வாங்கிய பெண்களை அதற்குப் பிறகு 'அடிமைகள்' என்று அழைத்தார்கள்.

ஆகவே அத்தையின் சந்தேகத்தை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். பெண்களுக்கு மருந்து என்று சொல்லிப் போதையைக் கொடுத்த வரலாறு உண்மையிலேயே இருக்கிறது.

*

இன்றைய மனச்சோர்வு மருந்துகள் வேறொரு பாதையில் வந்தவை. 1952 வாக்கில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது, அவர்களுக்குப் பசியும் உற்சாகமும் கூடின. 1956இல் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் இமிப்ரமைனை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார். முதலில் தேறியவர் ஒரு பெண். பல ஆண்டுகள் கழித்து, அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் முறையான ஒப்புதல் இல்லாமல் பல மருந்துகள் சோதிக்கப்பட்டன என்பதும் வெளியே வந்தது.

இந்தக் கதையில் நம் நாட்டுச் செடி ஒன்றும் உண்டு. சர்ப்பகந்தா வேரைப் பற்றி கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இல் எழுதினார்கள். ரத்தக் கொதிப்புக்கு அது உதவுவதை ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் உலகறியச் செய்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், மூளையில் டோபமைன், செரோடோனின் போன்ற பொருட்களின் இருப்பைக் காலி செய்தது. அதை எடுத்தவர்களில் சிலர் சோர்ந்துபோனதாகச் செய்திகள் வந்தன. அப்படியானால் மனச்சோர்வு என்பது இந்தப் பொருட்களின் குறைவுதானோ என்ற கருத்து 1960களில் பிறந்தது.

'மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்பும்' என்ற எளிய கதை அங்கிருந்துதான் வந்தது. இன்று அந்தக் கதைக்குப் போதிய சான்று இல்லை. இம்மருந்துகளால் பலருக்குப் பலன் கிடைக்கிறது என்பது வேறு, நோய்க்குக் காரணம் அந்தக் குறைவுதான் என்பது வேறு. பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் தணியும். உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று நாம் சொல்வதில்லை.

*

இனி அந்தப் பையன் படித்த செய்திக்கு வருகிறேன். புப்ரோபியானை 1969இல் உருவாக்கியவர் இந்திய வம்சாவளி வேதியியலாளரான நரிமன் மேத்தா. பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வகத்தில் அவர் வேலை செய்தார். ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் மெல்லும் காட் இலையில் கேத்தினோன் என்ற கிளர்ச்சிப் பொருள் இருக்கிறது. புப்ரோபியானின் வேதி அமைப்பு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2015இல் இந்தியாவின் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்ட மெஃபெட்ரோனும் அதே குடும்பம்தான். பையன் இதுவரை சரி.

மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல டோபமைனை இடைவெளியில் விடுகிறது. வேலை முடிந்ததும், முதல் செல்லின் சுவரில் இருக்கும் ஒரு புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. நெய்து முடித்ததும் மிஞ்சிய ஊடை நூலைப் பத்திரமாகச் சுற்றி வைக்கிற மாதிரி. கொக்கெயின் இந்தப் புரதத்தை அடைக்கிறது, டோபமைன் வெளியே தங்குகிறது. ஆம்பெட்டமைன் இன்னும் ஒரு படி மேலே போய், செல்லுக்குள் சேமித்திருக்கும் டோபமைனையும் வெளியே கொட்ட வைக்கிறது. புப்ரோபியானும் அதே புரதத்தைத்தான் அடைக்கிறது.

வேறுபாடு அளவிலும் வேகத்திலும் இருக்கிறது. மூளைப் படங்களைக் கொண்டு செய்த ஆய்வுகளில், போதைக்காக எடுக்கும் அளவில் கொக்கெயின் அந்தப் புரதத்தில் 60 முதல் 77 சதவீதம் வரை அடைத்தது. போதையை உணர ஏறத்தாழ பாதியாவது அடைபட வேண்டியிருந்தது. மருத்துவ அளவில் புப்ரோபியான் அடைத்தது 14 முதல் 26 சதவீதம்தான்.

ஆனால் அளவு மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ரிட்டாலினை மாத்திரையாக விழுங்கினாலும் பாதிக்கு மேல் அடைபடுகிறது. இருந்தும் விழுங்குகிறவருக்குப் பெரும்பாலும் போதை ஏறுவதில்லை. நரம்பில் ஏற்றிய கொக்கெயின் சில நிமிடங்களில் மூளையில் உச்சத்தைத் தொடுகிறது. விழுங்கிய ரிட்டாலினுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சட்டென்று எகிறும் டோபமைனைத்தான் மூளை 'இது முக்கியம், இதைத் திரும்பச் செய்' என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புத்தான் பின்னாளில் ஏக்கமாகிறது. மெதுவாகக் கரையும் புப்ரோபியான் மாத்திரை அப்படி எகிற விடுவதில்லை. அதையே வேறு வழியில் வேகமாக உடலில் செலுத்திப் போதை தேடியவர்களும் உண்டு. பலருக்கு வலிப்புத்தான் வந்தது.

வலிப்பு என்பது இந்த மருந்தின் உண்மையான ஆபத்து. 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புப்ரோபியான் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அளவுமீறி உண்டு பிறகு வாந்தியெடுக்கும் உணவுக் கோளாறு உள்ளவர்களிடம், பெரும்பாலும் பெண்களைத் தாக்கும் கோளாறு அது, செய்த ஆய்வில் பலருக்கு வலிப்பு வந்ததே காரணம். உச்ச அளவைக் குறைத்து 1989இல் மறுபடி கொண்டுவந்தார்கள். வலிப்பு வரலாறு உண்டா, உணவுக் கோளாறு உண்டா என்று கேட்ட பிறகே இதை எழுத வேண்டும் என்பது அந்தப் பெண்களின் உடம்பிலிருந்து கற்ற பாடம்.

அம்மாவின் முதல் மாத்திரை எஸ்சிடலோபிராம் டோபமைன் பக்கம் நேராகப் போவதில்லை. செரோடோனினைத் திரும்ப இழுக்கும் புரதத்தை அடைக்கிறது, மருத்துவ அளவில் ஏறத்தாழ 80 சதவீதம் வரை. இவ்வளவு அடைத்தும் போட்டவுடன் எந்த மகிழ்ச்சியும் வருவதில்லை. இரண்டு, மூன்று வாரம் பொறுத்துத்தான் பலன் தெரிகிறது. கிளர்ச்சி மருந்து முதல் நாளே கொடுத்துவிட்டு, நாளாக நாளாக அதே அளவுக்குக் குறைவாகக் கொடுக்கும், கூட்டச் சொல்லும். மனச்சோர்வு மாத்திரை முதல் வாரத்தில் பெரும்பாலும் வாய் உலர்தல், குமட்டல் போன்ற பக்கவிளைவுகளைத்தான் காட்டும். அதைத் திருட யாரும் அலைவதில்லை.

*

அப்படியானால் தலைக்குள் கரண்ட் அடித்தது ஏன்? அத்தையின் கேள்வி நியாயமானது.

ஒரு பொருளுக்கு உடல் பழகிக்கொள்வது வேறு, அதற்கு அடிமையாவது வேறு. செரோடோனின் மாற்றத்துக்கு இரண்டு ஆண்டுகளில் மூளை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடீரென்று மருந்தை எடுத்துவிட்டால் தடுமாறுகிறது. ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினாலும் அழுத்தம் எகிறும். அவற்றை நாம் போதை என்பதில்லை. அடிமைத்தனம் என்பது ஏக்கம். கேடு என்று தெரிந்தும் தேடிப் போவது, அளவைக் கூட்டிக்கொண்டே போவது. பதினோரு நாளும் அம்மாவுக்குத் தலை சுற்றியது, ஆனால் மாத்திரை வேண்டும் என்று தோன்றவில்லை. பை கையெட்டும் தூரத்தில்தான் தொங்கியது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறுத்தும்போது வரும் துன்பத்தை மருத்துவ உலகம் நெடுங்காலம் சிறிதாகவே காட்டியது. லேசானது, ஓரிரு வாரத்தில் போய்விடும் என்றது. தாங்க முடியவில்லை என்றவர்களிடம் 'உங்கள் பழைய நோய் திரும்புகிறது' என்றது. 2019இல்தான் பிரிட்டனின் ராயல் உளமருத்துவர் கல்லூரி, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம் என்று வெளிப்படையாக ஏற்றது. மாத்திரை எடுத்தவர்கள் பல ஆண்டுகள் பேசியதன் விளைவு அது. மனச்சோர்வு பெண்களிடம் ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்பதால், 'மிகைப்படுத்துகிறாய்' என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் யாராக இருந்திருப்பார்கள் என்பதை வாசகியே ஊகிக்கலாம்.

*

எல்லாம் படித்த பிறகு என் கண்ணில் பட்டது அதே மஞ்சள் பையில் இருந்த இன்னொரு பொட்டலம்: அம்மாவின் வெற்றிலைப் புகையிலை.

அம்மா பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவர். கோர்வைப் புடவைக்கு மறுபக்கத்து நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான். பிறகு கல்யாணம், தார் சுற்றல், பாவு வேலை, சமையல். பெண்ணின் இந்த உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது, புடவைக் கூலிக்குள்ளேயே அடங்கிவிடும். பசி தெரியாமல் இருக்கவும் கண் சொருகாமல் இருக்கவும் அவருடைய மாமியார் கற்றுக்கொடுத்தது புகையிலை. நாற்பது ஆண்டுகளாக மெல்கிறார். நிகோட்டின் ஒரு கிளர்ச்சிப் பொருள். டோபமைனைச் சுண்டிவிடுவது, மெல்ல மெல்ல அளவைக் கூட்டச் சொல்வது, கிடைக்காவிட்டால் ஏங்க வைப்பது என்று நான் படித்த எல்லா இலக்கணமும் அதற்குப் பொருந்துகிறது. இந்த நாற்பது ஆண்டுகளில் எங்கள் தெருவில் ஒருவர்கூட அதைப் போதை என்று சொன்னதில்லை. அது அவரை வேலை செய்ய வைத்தது, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

புப்ரோபியானை மருத்துவர் சேர்த்ததற்கு ஒரு காரணமே இந்தப் புகையிலைதான். அம்மா அதை விட விரும்பினார். மூளையில் நிகோட்டின் போய் ஒட்டும் இடங்களிலும் புப்ரோபியான் குறுக்கிடுகிறது. 1997இல் அமெரிக்கா புகைப்பழக்கத்தை விடுவதற்கான மருந்தாகவும் அதை ஏற்றது. மெல்லும் புகையிலைக்கு அது எவ்வளவு உதவும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் போதையிலிருந்து விடுபடக் கொடுத்த மாத்திரையைப் போதை என்று நிறுத்திவிட்டு, புகையிலையை மட்டும் தொடர்ந்திருக்கிறார் அம்மா. வேலை வாங்கும் பொருளுக்கு மன்னிப்பு. அவர் தன்னைக் கவனித்துக்கொள்ள எடுத்த பொருளுக்குச் சந்தேகம்.

*

தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டியவர் ஒரு பெண். இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1794இல் தோன்றிய அந்த நிறுவனம் அடைத்து வைக்கும் இடமாகவே பெயரெடுத்திருந்தது. நோயாளி வந்து மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் புறநோயாளிப் பிரிவை அவர் அங்கே வளர்த்தார். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மருந்து வீட்டுக்கு வந்தது பெரிய மாற்றம். விளக்கமும் சேர்ந்து வர வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் நோயும் தன் சிகிச்சையும் என்ன என்று அறிவதை நோயாளியின் உரிமையாக எழுதியிருக்கிறது. மாத்திரைச் சீட்டோடு அந்த உரிமையும் செவிலிமேடு வரை வர வேண்டும்.

மறுபடி மருத்துவரிடம் போனோம். இந்த முறை வேறொருவர். போகும் வழியில் பேருந்தில் அம்மாவே கேள்விகளைத் தயார் செய்துகொண்டார். இது எத்தனை நாளைக்கு? நிறுத்தணும்னா எப்படிக் குறைக்கணும்? இன்னும் வேணும்னு எனக்குத் தோணுமா? அவர் மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வலிப்பு உண்டா என்று அவரும் கேட்டார். இனி நிறுத்த நினைத்தால் தானாக நிறுத்த வேண்டாம், வந்து சொல்லுங்கள், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார்.

அம்மா மாத்திரையைத் தொடர்கிறார். எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்யப் போகிறார். புகையிலைப் பொட்டலம் சில வாரம் பையில் இருக்கிறது, சில வாரம் இல்லை. அன்று அத்தை மறுபடி கேட்டார், "இன்னுமா அந்த மாத்திரை?"

"ஆமாக்கா. கடன் எல்லாம் அப்படியேதான் இருக்குது, மாத்திரை அத அடைக்காது. ஆனா கடன் நோட்ட எடுத்துப் பாக்க முடியுது இப்போ" என்றார் அம்மா.